லோலா சாப்பிட்டாங்களா?

"ஸீ எஸ்ஸன் நிஷ்ட்" என்று நான் பதற்றத்தோடு சொன்னதும், செல்லப்பிராணிக் கடைப் பெண்மணி தன் கையிலிருந்த பாதி ரொட்டியைச் சட்டென்று கல்லாவுக்குக் கீழே மறைத்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. மதிய வேளையில் கடைக்குள் நுழைந்த வெளிநாட்டுக்காரன் ஒருவன், வணக்கம்கூடச் சொல்லாமல், "நீங்கள் சாப்பிடுவதில்லை" என்று அதட்டினால் யாருக்குத்தான் சிவக்காது? நான் சொல்ல வந்தது "அவை சாப்பிடுவதில்லை" என்று. ஜெர்மன் மொழியில் அவை, அவர்கள், நீங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே 'ஸீ'தான். நான் இரண்டு உள்ளங்கைகளையும் தலைக்குமேல் விரித்துப் பெரிய காதுகளாக ஆட்டி, "சின்சில்லா, சின்சில்லா" என்று விளக்கியபிறகு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரொட்டி மறுபடியும் மேலே வந்தது. பிறகு நல்லெண்ணத்தோடு ஒரு பாடமும் எடுத்தார். மனிதர்களுக்குத்தான் 'எஸ்ஸன்'. பிராணிகளுக்கு 'ஃபிரெஸ்ஸன்' என்று சொல்ல வேண்டும். அதாவது, மனிதர் சாப்பிடுவார், பிராணி தின்னும். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருக்கும் தூரம் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும், தமிழில்.

கோவை பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த நான், அதே வேலைக்காக ஜெர்மனியின் தெற்கே ஒரு சிறு நகரத்துக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. மனைவி செல்வி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். சின்சில்லாக்கள் எங்களுடையவை அல்ல. அடுத்த வீட்டு ஃபிராவ் கெஸ்லர், நம் வழக்கில் கெஸ்லர் அம்மா, வளர்ப்பவை. தபால் துறையில் ஓய்வுபெற்றவர், தனி ஆள். நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் எங்கள் வீட்டுச் சூடேற்றி படுத்துவிட்டபோது, கதவைத் தட்டி, ஒன்றும் கேட்காமல், இருவரையும் தம் வீட்டு வரவேற்பறையில் உட்கார வைத்துச் சூப்புக் கொடுத்தவர். குப்பையை எத்தனை நிறத் தொட்டியில் எப்படிப் பிரித்துப் போடுவது என்பதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதுவரை இந்த நாட்டை எங்களுக்குப் படித்துக் காட்டியவர் அவர்தான். அந்த வரவேற்பறையில்தான், ஆள் உயரக் கூண்டுக்குள், லோலாவையும் மிங்காவையும் முதலில் பார்த்தேன்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். சின்சில்லாவுக்கு முயல் காது, அணில் வால், எலி மூஞ்சி. உடம்பு முழுக்க இலவம்பஞ்சைவிட மெத்தென்ற சாம்பல் மயிர். தென்னமெரிக்க மலையுச்சிப் பிராணி என்பதால் வெயில் ஆகாது, தண்ணீரில் குளிக்காது, மெல்லிய மணலில் புரண்டு குளிக்கும். பகலெல்லாம் தூக்கம், பொழுது சாயும்போதுதான் எழுந்து அட்டகாசம். காய்ந்த புல்தான் அதற்கு உயிர். அதற்குமேல் ஒரு கைப்பிடி பெல்லட், அதாவது புல்லை அரைத்து அழுத்திய குச்சித் தீவனம். வீடியோ அழைப்பில் இதைக் காட்டியபோது, சிங்காநல்லூரில் தங்கை வீட்டில் இருக்கும் என் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எலிங்களா கண்ணு அது?"

"எலி மாதிரிங்கப்பா. எலி இல்லீங்க."

"ஊருக்குக் கொண்டாந்தீங்கன்னா வால்பாறையிலதான் ஊடு பாக்கோணுமாட்ட இருக்குது. கோயமுத்தூர் வெயிலு தாங்காது, பாவம்."

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். என் அப்பா என்னை 'ங்க' போட்டுத்தான் பேசுவார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ங்க போடுவதாக வெளியூர்க்காரர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். கொங்குத் தமிழே ஒரு தனி மரியாதை என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த மரியாதை எல்லா வீட்டு வாசலுக்கும் வந்ததில்லை. ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் என் அப்பாவுக்கு மாடு பார்க்கும் வேலை. அவர் பெயர் மாரிமுத்து. தோட்டத்துச் சொந்தக்காரரை நாங்கள் பண்ணாடி என்போம். பண்ணாடியின் மகன் என்னைவிடச் சிறியவன், கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, "டே மாரி, மாடு தின்னுச்சாடா?" என்பான். அப்பா குனிந்து, "தின்னுச்சுங்க சின்னப் பண்ணாடி" என்பார். மத்தியானம் அப்பா சோற்றுக்காகக் கொல்லைப்பக்கம் தூக்குப்போசியோடு போய் நின்றால், "நீ தின்னயாடா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும். மாட்டுக்கும் அதே சொல், அப்பாவுக்கும் அதே சொல்.

பொள்ளாச்சிச் சந்தையில் புது மாடு பிடித்துவரும் நாள்களில் அப்பாவோடு நானும் போவேன். மாட்டை அவிழ்க்கும்போதே, விற்றவரிடம் அவர் வீட்டுச் சோளத்தட்டில், அதாவது காய்ந்த சோளப்பயிரில், ஒரு கட்டுக் கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொள்வார் அப்பா. இடம் மாறின மாடு ஏக்கத்தில் தீனி எடுக்காது, பழைய வீட்டுத் தட்டைக் கண்டால்தான் வாய் வைக்கும். நாளுக்கு நாள் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுவார். இதில் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை, எங்கள் பக்கத்தில் மாடு கட்டியிருக்கும் யாருக்கும் தெரிந்ததுதான். அப்பாவிடம் மட்டும் இருந்த ஒரு கிறுக்குத்தனம் வேறு. தாழியில் புண்ணாக்கைக் கரைத்துவிட்டு மாட்டின் நெற்றியைத் தடவி, "சாப்புடுங்க கண்ணு. நம்மூடுதானுங்க, கூச்சப்படாமச் சாப்புடுங்க" என்பார். மற்ற ஆள்கள் வரப்பில் நின்று கேலி செய்வார்கள். மாட்டுக்கு எதற்கு ங்க என்று ஒருமுறை நானே கேட்டேன். "அது திருப்பி நம்மள வாடா போடாங்காது பாருங்க" என்று சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

இப்படி வளர்ந்தவன் இந்த நாட்டில் வந்து இறங்கினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விமான நிலையத்தில் சீருடைக்காரர் 'ஸீ' என்றார். பேருந்து ஓட்டுநர் 'ஸீ' என்றார். குடிவரவு அலுவலகத்தில், என் தாளில் பிழை கண்டு கடுகடுவென்று இருந்த அதிகாரிகூட, கடுகடுப்பை 'ஸீ'யில்தான் காட்டினார். திட்டும்போதும் நீங்கள்! ஜெர்மன் வகுப்பில் ஆசிரியை ஸீ, டூ இரண்டையும் விளக்கினார். தெரியாதவருக்கு ஸீ, அதாவது நீங்கள்; நெருங்கியவருக்கு டூ, அதாவது நீ. ஸீ கொஞ்சம் குளிர்ச்சி, டூ வெதுவெதுப்பு என்றார். வகுப்பில் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் தலைகீழாக இருந்தது. இந்த நாட்டுக்கு நான் பட்ட முதல் நன்றிக்கடன் சம்பளத்துக்காக அல்ல, அந்த ஸீக்காக. செல்வி கேலி செய்வாள்: "ஏனுங்க, அந்தப் பஸ்காரரு ஸீன்னதுக்கா இப்பிடி நெஞ்ச நிமித்திட்டு வாறீங்க?" அதற்காகத்தான்.

எனவே நடந்தது நடந்தே தீர வேண்டியதுதான். சென்ற வசந்தத்தில் ஃபிராவ் கெஸ்லர் எங்களைத் தோட்டத்துக்கு அழைத்தார். ஆப்பிள் சாறு ஊற்றிய கண்ணாடிக் குவளையை உயர்த்தி, என் கண்ணைப் பார்த்து, "இனி நான் ரெனாட்டெ" என்று தம் முதல் பெயரைச் சொன்னார். இந்த ஊர் வழக்கத்தில் வயதில் மூத்தவர் இளையவருக்கு 'டூ' கொடுப்பது ஒரு சிறிய சடங்கு. இன்றிலிருந்து நீ எனக்கு அந்நியன் இல்லை என்று பொருள். பதிலுக்கு நானும் என் பெயரைச் சொல்லி, டூ போட்டுப் பேசியிருக்க வேண்டும். செல்வி அழகாகச் செய்துவிட்டாள். நான் வாயைத் திறந்தேன். என் தாய் வயதுப் பெண்மணியை 'நீ' என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவர் என்னை 'நீ' என்றபோதோ, சொல்லக் கூடாதுதான், தென்னந்தோப்பில் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்து ஓடிவரும் அந்தச் சின்னப் பண்ணாடியின் குரல் காதில் விழுந்தது. "மிக்க நன்றி, ஃபிராவ் கெஸ்லர். நீங்கள் மிகவும் அன்பானவர்" என்று இலக்கணப் பிழையில்லாத ஸீயில் சொன்னேன். அவர் குவளையைக் கீழே வைத்தார். "சரி. உங்கள் விருப்பம்" என்றார், ஸீயில். அன்றிலிருந்து வேலிக்கு அப்பால் ஒரு தலையசைப்போடு எல்லாம் நின்றுபோனது. அவரிடம் எப்படி விளக்குவது என்று தெரியாமல் நான் தவித்ததை இங்கே ஒளிக்கவில்லை.

கோடையில் அவருக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை வந்தது. மருத்துவமனை, அதன்பின் வேறோர் ஊரில் நடை பழக்கும் சிகிச்சை விடுதி என்று வெகு நாள் வெளியே இருக்க வேண்டியிருந்தது. சாவியை நீட்டியபோது செல்வியிடம் நீட்டாமல் என்னிடம்தான் நீட்டினார். "லோலாவுக்கு வயதாகிவிட்டது. என்னோடு பதினைந்து வருடமாக இருக்கிறாள். பார்த்துக்கொள்வீர்களா?" என்றார். மனவருத்தம் இருந்தும் நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டால் போதும், வேறு விளக்கமே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

சோதனையாக, அவர் வழக்கமாக வாங்கும் பெல்லட் கடைக்கு வருவது நின்றுவிட்டது. அதை அரைத்துக்கொண்டிருந்த சிறிய ஆலையை மூடிவிட்டார்களாம். வீட்டில் இருந்தது பையின் அடியில் கொஞ்சம். கடையில் ஒரு சுவர் முழுக்க மாற்றுத் தீவனம். என் கை முதலில் போனது கண்ணைப் பறிக்கும் ஒரு பைக்கு. உலர்திராட்சை, சூரியகாந்தி விதை, வண்ண வண்ணச் சோளப்பொரி, வாழைப்பழத் துண்டு. நம் ஊர்க்காரன் கைக்கு வேறெங்கே போகும்? பிறத்தியார் வீட்டுப் பிள்ளை, நம் பொறுப்பில் இருக்கும்போது வெறும் புல்லையா போடுவது? நல்லவேளை, வாங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். அந்த இளம்பெண் பையின் படத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். சர்க்கரையும் எண்ணெய் வித்தும் இந்தப் பிராணியின் குடலுக்கு ஆகாது, கலவையாகக் கொடுத்தால் ருசியானதைப் பொறுக்கிவிட்டு மற்றதைத் தள்ளிவிடும். எல்லாக் குச்சியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், நார் அதிகமாக, வெல்லப்பாகு சேர்க்காமல், புல்லே முதன்மையாக. பார்க்க எவ்வளவு சோகமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்றார். மாற்றுவதைப் பல வாரங்களுக்கு இழுக்கச் சொன்னார். முக்கியமாக, ஓர் இரவு முழுக்க எதையும் தொடவில்லை என்றால் காத்திருக்காமல் தூக்கி வாருங்கள், குடல் நின்றால் சின்சில்லா பிழைக்காது என்றார்.

சோகமான பச்சைக் குச்சிகளை வாங்கி, பழையதோடு கலந்து வைத்தேன். மிங்கா எதைப் போட்டாலும் அரைக்கும் ரகம். லோலா பெரிய மனுசி. முன்னங்காலால் ஒவ்வொரு குச்சியாக எடுத்து முகர்ந்து, பழையதை மட்டும் கொறித்து, புதியதைக் கூண்டுக்கு வெளியே வீசினாள். பழையது குறையக் குறைய அவள் கோபம் கூடியது. பிறகு புல்லைக்கூடக் குறைத்தாள். சமையல் தராசில் எடை இறங்கியது, புழுக்கை சிறுத்து மிளகளவு ஆனது. ஒரு மாலை எழுந்திருக்கவே இல்லை, மூலையில் முதுகைக் காட்டிச் சுருண்டிருந்தாள். விடுதியிலிருந்து ஃபிராவ் கெஸ்லர் போன் செய்து, "லோலா தின்கிறாளா?" என்று கேட்டார். "கொஞ்சமாக. மருத்துவரிடம் கொண்டுபோகிறேன்" என்றேன். பிறகு, "போனைக் கூண்டுக்குப் பக்கத்தில் வையுங்கள், அவளிடம் பேச வேண்டும்" என்றார். வைத்தேன். அவர் பேசி முடித்தபின் போனை எடுக்க மறந்து, நானும் கம்பிக்கு வெளியே உட்கார்ந்து, என்னையறியாமல் என் மொழியில் கெஞ்சத் தொடங்கினேன். "சாப்புடுங்க கண்ணு. ஒரே ஒரு வாய் சாப்புடுங்க. அம்மா வந்துருவாங்க."

மருத்துவர் பல்லைப் பார்த்தார், பல்லில் பழுதில்லை. ஊசியில்லாத சிரிஞ்சில் கூழ் ஏற்றி வாயோரமாக ஊட்டக் கற்றுக்கொடுத்தார். செல்வி துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள, நான் ஊட்டினேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் தம் அனுபவத்தை அள்ளிவிட்டார்: "புண்ணாக்குத் தண்ணியத் தெளிச்சு வெச்சுப் பாருங்க. இல்லீன்னா துளி வெல்லத்தத் தொட்டு நாக்குல தடவுங்க. எந்த மாடும் மசிஞ்சுபோடும்." இரண்டுமே இங்கே விஷம். ஈரம் பட்டால் பெல்லட் பூசணம் பிடிக்கும், வெல்லம் குடலைக் கெடுக்கும். "மாடு வேற, எலி வேறதானுங்க" என்று அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் 'தெளித்து' என்ற சொல் மட்டும் எனக்குள் நின்றது. ஈரம்தானே கூடாது? மீதமிருந்த பழைய குச்சிகளை இடித்துப் பொடியாக்கிப் புதியவற்றின் மேல் தூவினால் என்ன? கலந்தால்தானே பொறுக்குவாள், பூசினால் எப்படிப் பொறுக்குவாள்? கோவையிலிருந்து கொண்டுவந்த இஞ்சி தட்டும் கல் உரலை எடுத்தேன். செல்வி இடுப்பில் கை வைத்தாள்.

"எலிக்கு என்ற இஞ்சி உரலா?"

"கழுவிக் காய வெச்சுட்டுத்தான் அம்மணி."

"அதுக்கப்பறம் அதுல இஞ்சி தட்டி டீ கேட்டீங்கன்னா பாருங்க."

மருத்துவரிடம் கேட்டேன், தாராளமாகச் செய்யுங்கள் என்றார். பழைய பொடி பூசிய புதிய குச்சியை லோலா இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பி முகர்ந்தாள். நக்கினாள். நுனியைக் கடித்து, ஏமாற்றிவிட்டாயே என்பதுபோல என்னைப் பார்த்தாள். வீசவில்லை. இன்னொரு கடி. கரகரவென்ற அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் தரையில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். எலிக்காக அழுதவன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றுமில்லை. நாளாக ஆகப் பொடியைக் குறைத்தேன். எடை ஏறியது. பழைய பையின் கடைசித் தூசு தீர்ந்த அன்று பொடியில்லாத குச்சியைத் தின்றுவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினாள்.

இலை பழுக்கத் தொடங்கியபோது ஃபிராவ் கெஸ்லர் ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் கூண்டின் முன் உட்கார்ந்து ஒரு பச்சைக் குச்சியை நீட்டினார். லோலா வாங்கிக்கொண்டாள். அவள் கொறிக்கும் சத்தத்தை அவர் குனிந்து கேட்டார். பிறகு லோலாவைப் பார்த்து, "ஃபிரிஸ்-ங்கா" என்றார். ஃபிரிஸ் என்றால் 'தின்னு'.

நான் திடுக்கிட்டேன். "என்ன சொன்னீர்கள்?"

"அன்று போனில் நீங்கள் அவளிடம் அப்படித்தானே பேசினீர்கள்? ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு 'ங்கா'. விடுதியில் வலி வந்தபோதெல்லாம் அதை நினைத்துக்கொண்டேன். அது என்ன?"

என் பிழையான ஜெர்மனில், தட்டுத் தடுமாறி, எல்லாவற்றையும் சொன்னேன். அது எங்கள் 'ஸீ' என்றேன். ஆனால் குளிர்ச்சியானது அல்ல, அன்பானவர்களுக்கும் அதைத்தான் போடுவோம். என் அப்பா மாட்டுக்குப் போட்டதைச் சொன்னேன். அவருக்கு யாரும் போடாததையும் சொன்னேன். சின்னப் பண்ணாடியைச் சொன்னேன். இந்த நாட்டில் யாரிடமும் அதுவரை நான் சொன்னதில்லை. அவர் கை ஊன்றுகோலை இறுகப் பிடித்திருந்தது.

"அப்படியானால் நான் உங்களுக்கு டூ கொடுத்தபோது..."

"நீங்கள் கொடுத்தது நல்ல பொருள்தான். எங்கள் ஊரில் அதை வேறு வேலைக்கு வைத்திருந்தார்கள்."

அவர் யோசித்தார். தபால்காரம்மா அல்லவா, முகவரி தவறிய கடிதத்தை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கும் முகம். "டூ-ங்கா?" என்றார். "அது சரிப்படுமா? டூங்கா?" உலகத்தின் எந்த இலக்கணத்திலும் அப்படி ஒரு சொல் இல்லை. செல்வி சிரித்த சிரிப்பில் மிங்காவே விழித்துக்கொண்டது. நான் தலையாட்டினேன். ஆனால் அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு அப்போதும் வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். செல்வி அரிசிம்பருப்புச் சோறு பொங்கியிருந்தாள். நடுவில் அப்பாவின் வீடியோ அழைப்பு. ஃபிராவ் கெஸ்லர் போனைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு, செல்வியிடம் முன்கூட்டியே பழகி வைத்திருந்த ஒற்றை வரியை அவிழ்த்துவிட்டார். "அப்பாங்க, சாப்ட்டீங்களா?"

சிங்காநல்லூரில், பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்த என் அப்பா எழுந்து நின்றுவிட்டார். பண்ணாடி வீட்டு ஆட்கள் பேசினால் அப்படித்தான் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுவார்.

"உக்காருங்கப்பா. இங்க அதெல்லாம் வேண்டாங்க."

"அதுக்கில்லீங்க கண்ணு," என்றார் அப்பா. துண்டு தோளிலேயே இருந்தது. "ஒருத்தங்க இத்தன தூரத்துலருந்து சாப்ட்டீங்களான்னு கேக்கறாங்க. எந்திரிச்சு நின்னு பதில் சொன்னாத்தானுங்களே நல்லாருக்கும்?" திரையில் முகத்தை அருகே கொண்டுவந்தார். "சாப்ட்டனுங்க அம்மணி. நீங்க சாப்ட்டீங்களா?"

ஃபிராவ் கெஸ்லருக்குப் பாடம் ஆனது ஒரு வரிதான். அவர் பெயர்த்துச் சொல் என்று என்னைப் பார்த்தார். அப்பாவும் அங்கே நின்றபடி என்னைப் பார்த்தார். சாப்பிட்டீங்களா என்பது எளிது, எஸ்ஸன்தான், இன்று கடைக்காரம்மாவே திருத்த முடியாது. ஆனால் அந்த 'நீங்க'வை எதில் சொல்வது? ஸீ என்றால் அவரை வாசலிலேயே நிறுத்திவிடும். டூ என்றால் என் அப்பாவின் வாயில் அந்தச் சொல்லை நான் வைத்ததாகிவிடும்.

"ரெனாட்டெ," என்றேன், முதல்முறையாக. "நீ சாப்பிட்டாயா என்று அப்பா கேட்கிறார். டூங்க."